கடலுக்கு இறங்கும் சால்மன் குஞ்சுகளை எண்ணுவது: ஒரு சுழல் பொறியும் கொஞ்சம் கணக்கும்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பியூஜெட் சவுண்ட் என்ற கடல் பகுதியில் கலக்கும் ஒரு சிற்றாற்றில், வசந்த காலத்தில் பொறி போட்டு சால்மன் குஞ்சுகளை எண்ணும் குழுவில் நானும் இருக்கிறேன். சீசன் முடிந்து கணக்கெல்லாம் கைக்கு வந்துவிட்டது. எப்படிச் செய்கிறோம், எந்த இடத்தில் கவனம் தேவை என்று சூடு ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன்.

கேள்வி சின்னது: இந்த வருஷம் எத்தனை கோஹோ சால்மன் குஞ்சுகள் இந்த ஆற்றை விட்டுக் கடலுக்குப் போயின?

கோஹோ இலையுதிர் காலத்தின் கடைசியிலும் குளிர்காலத்திலும் சரளைக்கல் படுகையில் முட்டையிடும். வசந்தத்தில் வெளிவரும் குஞ்சு பெரும்பாலும் ஒரு வருஷம் ஆற்றிலேயே வளரும். அடுத்த வசந்தத்தில் உடம்பு வெள்ளியாக மாறி, உப்புத் தண்ணீரைத் தாங்கத் தயாராகிக் கீழே இறங்கும். அந்த நிலையில் அதற்கு ஸ்மோல்ட் என்று பெயர். கடலில் சுமார் ஒன்றரை வருஷம் இருந்துவிட்டு, மூன்று வயதில் முட்டையிடத் திரும்பும். திரும்பி வரும் மீன் குறைந்துபோனால், கோளாறு ஆற்றிலா கடலிலா என்று வளர்ந்த மீனை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் தெரியாது. நடுவில் ஸ்மோல்ட் எண்ணிக்கை ஒன்று வேண்டும். முட்டையிட வந்த மீனுக்கு எத்தனை ஸ்மோல்ட் என்பது ஆற்றின் கதையைச் சொல்லும். போன ஸ்மோல்ட்டுக்கு எத்தனை மீன் திரும்பியது என்பது கடலின் கதையைச் சொல்லும். கரையோரம் மரம் நடுவதும், சாலைக்கு அடியில் இருக்கும் குறுகலான குழாய்களை அகலமாக்குவதும் உண்மையில் பலன் தருகிறதா என்று கேட்பவருக்கு நாம் காட்ட முடிந்ததும் இந்த எண்தான். அதனால் அது சரியாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

பொறியைப் பற்றி முதலில். இரண்டு மிதவைகளுக்கு நடுவே, 1.5 மீட்டர் வாய் கொண்ட ஒரு உலோகக் கூம்பு. வாய் ஆற்றின் மேல்பக்கம் பார்த்திருக்கும். பாதி தண்ணீருக்குள், பாதி வெளியே. கூம்புக்குள் திருகு மாதிரி வளைந்த தகடு உண்டு. ஓடும் தண்ணீர் அந்தத் தகட்டில் மோதிக் கூம்பைச் சுற்றும்; மோட்டார் எதுவும் கிடையாது. உள்ளே வந்த மீன் திரும்பி நீந்த வழியில்லாமல் பின்னால் இருக்கும் பெட்டிக்குள் போய்ச் சேரும். இரு கரையிலும் பருமனான மரங்களில் எஃகுக் கம்பி வடம் கட்டி, வின்ச் வைத்துப் பொறியை இடம் வலமாக நகர்த்தலாம். ஆறு ஒடுங்கி வேகமெடுக்கும் இடமாகப் பார்த்து, ஓட்டத்தின் கனமான பகுதியில் நிறுத்த வேண்டும். ஆழமான தேங்கல் நீரில் போட்டால் கூம்பு சோம்பலாகச் சுற்றும். பெரிய ஸ்மோல்ட் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

பொறியை இறக்குவதற்கு முன்னால் அனுமதி. பியூஜெட் சவுண்டின் சினூக் சால்மன் 1999-லும், கடலுக்குப் போய்வரும் ட்ரவுட் மீனான ஸ்டீல்ஹெட் 2007-லும் அமெரிக்காவின் அழிவாபத்து உயிரினச் சட்டத்தில் அச்சுறுத்தலுக்கு உள்ளானவை என்று சேர்க்கப்பட்டன. கோஹோவுக்காகப் போடும் பொறியில் இவையும் விழும். ஆகவே கூட்டாட்சிக் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவின் மீன்வளப் பிரிவு அனுமதியும் மாநில அனுமதியும் வேண்டும். எத்தனை மீனைக் கையாளலாம், எத்தனை வரை செத்தால் வேலையை நிறுத்த வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். செத்த மீன் ஒவ்வொன்றும் பதிவேட்டில் ஏறும்.

காலை வேலை பெட்டியிலிருந்து தொடங்கும். முதலில் கூம்பு எத்தனை நொடிக்கு ஒரு சுற்று சுற்றுகிறது, தண்ணீரின் வெப்பநிலை என்ன, அளவுகோலில் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்வோம். அப்புறம் இலை, சுள்ளி, பாசி எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டு வலைக்கரண்டியால் மீனை வாளிக்கு மாற்றுவோம். தண்ணீருக்குள் காற்றை ஊதும் ஏரேட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பெட்டியில் குச்சிக் கொத்துகளும் கண்ணி வலையும் போட்டு ஒளிந்துகொள்ள இடம் வைப்பது அவசியம். குஞ்சுகளைத் தின்னும் மீனான ஒரு பெரிய கட்த்ரோட் ட்ரவுட்டோ ஸ்கல்பினோ ராத்திரி முழுக்கச் சின்னக் குஞ்சுகளோடு ஒரே பெட்டியில் இருந்தால், காலையில் நம் கணக்கில் இருக்க வேண்டியது அதன் வயிற்றில் இருக்கும்.

இனம் பிரிப்பது கண் பழகினால் வேகமாக நடக்கும். கோஹோவின் அடித்துடுப்பு அரிவாள் மாதிரி வளைந்து, முன் விளிம்பு வெள்ளையாகவும் அதை ஒட்டிக் கறுப்புக் கோடாகவும் இருக்கும். வாலிலும் துடுப்பிலும் ஆரஞ்சுச் சாயல். சம் சால்மன் குஞ்சு விரல் நீளம்கூட இருக்காது. பக்கவாட்டில் உள்ள பட்டைகள் குட்டையாக, பெரும்பாலும் நடுக்கோட்டுக்கு மேலேயே நின்றுவிடும். முதுகின் பின்பகுதியில் வாலுக்கு முன்னால் இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்டிருந்தால் அது குஞ்சுப் பொரிப்பகத்தில் வளர்ந்த மீன். அதைத் தனிப் பத்தியில் எழுத வேண்டும். ஆற்றில் பிறந்த மீனின் கணக்கோடு கலக்கக் கூடாது. அதே காரணத்தால் நம் குறியை எந்த நாளும் அந்தத் துடுப்பில் வைப்பதில்லை.

குறியிடுவதுதான் கை நடுங்காமல் செய்ய வேண்டிய வேலை. பத்துப் பத்தாக மீனை மயக்கத் தொட்டியில் விடுவோம். மருந்து எம்எஸ்-222. அது தண்ணீரை அமிலமாக்கும் என்பதால் சோடியம் பைகார்பனேட் கலந்து சரிசெய்துகொள்வோம். ஒன்றிரண்டு நிமிஷத்தில் மீன் தள்ளாடும். அப்புறம் பக்கவாட்டில் சாயும். செவுள் மூடி மட்டும் சீராகத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். அந்த அசைவு மெதுவாக ஆரம்பித்தாலே எடுத்துவிட வேண்டும். நனைத்த கையில்தான் பிடிக்கலாம். ஸ்மோல்ட்டின் செதில் அந்தப் பருவத்தில் மிகத் தளர்வாக இருக்கும். காய்ந்த விரலில் தொட்டால் வெள்ளித்தூள் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். செதில் போன மீன் கடல் தண்ணீரில் தடுமாறும். அளவுப் பலகையில் மூக்கிலிருந்து வால்பிளவு வரை நீளம் எடுத்து, சின்னக் கத்தரிக்கோலால் வால் துடுப்பின் மேல்முனையை ஒரு கீற்று மட்டும் நறுக்குவோம். ரத்தம் வராது. நறுக்கிய துண்டை ஆல்கஹால் குப்பியில் போட்டால் மரபணு ஆய்வுக்கும் உதவும்.

அடுத்த வாரம் வாலின் கீழ்முனை. இப்படி மாற்றி மாற்றி வைத்தால், மறுபடி சிக்கிய மீன் எந்த வாரத்தில் விடப்பட்டது என்று பார்த்ததும் தெரியும். துடுப்பு மெதுவாக வளர்ந்துவிடும்தான். ஆனால் நமக்குத் தேவை சில நாட்கள்; அதற்குள் மறையாது. கத்தரிக்க முடியாத அளவு சின்னக் குஞ்சுகளுக்கு பிஸ்மார்க் பிரவுன் சாயத்தில் கொஞ்ச நேரம் நீந்தவிட்டு உடம்பைப் பழுப்பாக்குவது ஒரு வழி. தனி எண் கொண்ட பிட் டேக் என்னும் சின்ன மின்னணுக் குறி இன்னும் நல்லது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் செலவு உண்டு. வயிற்றுக்குள் வைப்பதால் மீனும் ஓரளவு பெரிதாக இருக்க வேண்டும். மொத்த எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் கத்தரிக்கோலே போதும் என்பது என் அபிப்பிராயம்.

மயக்கம் தெளிந்த மீனை உடனே விடுவதில்லை. துளை போட்ட பெட்டியில் ஆற்றிலேயே பகல் முழுக்க வைத்திருப்போம். சோர்ந்து கிடப்பதையும் செத்ததையும் எடுத்துவிட்டு, மிச்சத்தை எண்ணி, அந்த எண்ணைத்தான் குறியிட்ட எண்ணிக்கையாக எழுத வேண்டும். காலையில் நறுக்கிய எண்ணிக்கையை எழுதினால், விட்டதாக எழுதிய மீனில் சில ஆற்றுக்கே போயிருக்காது. அவ்வப்போது ஒரு சிறு தொகுதியை 24 மணி நேரம் வைத்துப் பார்ப்பதும் உண்டு. கையாண்டதால் பிறகு எத்தனை சாகின்றன, குறி எல்லாவற்றிலும் தெரிகிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

இருட்டியதும் வாளிகளைத் தூக்கிக்கொண்டு மேலே போவோம். ஸ்மோல்ட் பெரும்பாலும் இரவில்தான் இறங்கும்; பகலில் விட்டால் நாரைக்கும் ட்ரவுட்டுக்கும் இரை. எவ்வளவு தூரம் மேலே என்பதுதான் கேள்வி. பொறிக்கு மிக அருகே விட்டால் விட்ட கூட்டம் அப்படியே ஒரே கோட்டில் வந்து விழும், அல்லது ஒரே கோட்டில் தப்பிப் போகும். மற்ற மீனோடு கலக்காது. ரொம்ப மேலே விட்டால் வழியில் சில இரையாகும், சில அங்கேயே தங்கிவிடும். இடையில் இரண்டு மூன்று மடுவும் வேகநீர்ப் பகுதியும் வரும்படி இடம் பார்த்து, இரு கரையிலும் பிரித்து விடுவோம்.

இனி கணக்கு. குறியிட்ட மீனில் எத்தனை பங்கு திரும்பப் பொறியில் விழுகிறதோ, குறியில்லாத மீனிலும் அதே பங்குதான் விழுந்திருக்கும் என்பது மொத்த யோசனை. பிறப்புப் பதிவுகளை வைத்துக் கணித அறிஞர் லாப்லாஸ் பிரான்சின் மக்கள்தொகையை மதிப்பிட்டதும் இதே விகிதத்தில்தான். டென்மார்க்கின் யோஹானஸ் பீட்டர்சன் 1890-களில் தட்டைமீன்களுக்குக் குறியிட்டார். ஃப்ரெடெரிக் லிங்கன் 1930-ல் வளையமிட்ட வாத்துகளை வைத்து மொத்த வாத்துகளைக் கணக்கிட்டார். மறுபிடிப்பு குறைவாக இருக்கும்போது நேர் விகிதம் தொகையைக் கூட்டிக் காட்டும். அதற்காக 1951-ல் புள்ளியியலாளர் சாப்மன் வகுத்தலின் மேலும் கீழும் 1 கூட்டித் திருத்தினார். ஒரே பொறி வைத்து வேலை செய்பவர்களுக்கு அது இப்படி வரும்:

இறங்கிய மீன் = குறியில்லாமல் பிடிபட்டவை × (குறியிட்டு விட்டவை + 1) ÷ (மறுபடி சிக்கியவை + 1)

இதை சீசன் முழுவதற்கும் ஒரே தடவை போட்டுவிடலாம் என்று தோன்றும். போடக் கூடாது. ஏன் என்பதற்கு, புரிவதற்காக எடுத்துக்கொண்ட எண்களை வைத்தே காட்டுகிறேன்; கையில் கால்குலேட்டர் இருந்தால் கூடவே போட்டுப் பாருங்கள்.

முதல் கட்டம், தண்ணீர் குறைவு: குறியிட்டவை 200, சிக்கியவை 40, குறியில்லாதவை 600. மதிப்பு 2,941.
இரண்டாம் கட்டம், மழைக்குப் பின் தண்ணீர் உயர்வு: குறியிட்டவை 200, சிக்கியவை 10, குறியில்லாதவை 900. மதிப்பு 16,445.
மூன்றாம் கட்டம், தண்ணீர் வடிந்த பிறகு: குறியிட்டவை 150, சிக்கியவை 24, குறியில்லாதவை 300. மதிப்பு 1,812.

கூட்டினால் ஏறக்குறைய 21,200. இதையே கட்டம் பிரிக்காமல் மொத்தமாகச் சேர்த்தால் குறியிட்டவை 550, சிக்கியவை 74, குறியில்லாதவை 1,800, விடை 13,224. எட்டாயிரம் மீன் காகிதத்திலேயே காணாமல் போகிறது.

காரணம் ஆற்றில் இருக்கிறது. தண்ணீர் உயரும்போது கூம்பின் வாய் அதே அளவுதான். ஆறு அகலமாகவும் ஆழமாகவும் ஆகிவிடுகிறது. ஆகவே பொறி வடிகட்டும் பங்கு குறைகிறது. ஸ்மோல்ட் கூட்டமாகக் கிளம்புவதும் பெரும்பாலும் அந்தத் தண்ணீரில்தான். பொறி மோசமாகப் பிடிக்கும் நேரமும் மீன் அதிகம் போகும் நேரமும் ஒன்றாக விழுகின்றன. மொத்தமாகச் சேர்க்கும்போது தண்ணீர் குறைந்த நாட்களின் நல்ல பிடிப்பு, உயர்ந்த நாட்களுக்கும் கடன் கொடுக்கப்படுகிறது. பெட்டியில் எத்தனை மீன் என்பதைவிட, அன்றைக்குப் பொறி எத்தனை பங்கு பிடித்தது என்பதை அளப்பதுதான் இந்த வேலையின் உயிர் என்று நான் சொல்வது இதனால்தான்.

கட்டத்தை நாள்காட்டி வாரமாகப் பிரிப்பது வழக்கம். எனக்கு நீர்மட்ட வரைபடத்தை வைத்துப் பிரிப்பதே சரியாகப் படுகிறது. தண்ணீர் ஏறியது புதன்கிழமை என்றால் கட்டமும் அங்கே உடையட்டும். ஆனால் மிகச் சிறிதாக உடைத்தால் ஒவ்வொன்றிலும் மறுபிடிப்பு சொற்பமாகிவிடும். ஒரு கட்டத்தில் 7 மறுபிடிப்பாவது இருந்தால் மதிப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுமோ என்று பெரிதாகக் கவலை இல்லை என்பது பழைய வழிகாட்டு எண். அதற்குக் கீழே போனால் பக்கத்துக் கட்டத்தோடு சேர்ப்போம், இரண்டிலும் தண்ணீர் ஒரே மாதிரி இருந்தால் மட்டும். ஒரு கட்டத்தில் விட்ட மீன் அடுத்த கட்டத்தில் வந்து சிக்குவது அதிகமானால் இந்த எளிய சூத்திரம் போதாது. புள்ளியியலாளர் டாரோக் 1961-ல் கொடுத்த முறை அதற்கானது. புள்ளியியலுக்குப் பயன்படும் ஆர் என்ற கணினி மொழியில் பிடிஎஸ்பிஏஎஸ் என்று ஒரு நிரல் தொகுப்பு உண்டு. பக்கத்து வாரங்களிலிருந்து தகவலைக் கடன் வாங்கி, மெலிந்த வாரங்களையும் தாங்கிக்கொள்ளும்.

பொறி நின்றுபோகும் இரவுகள் தனித் தலைவலி. ஒரு கட்டை வந்து கூம்பில் செருகினால் போதும், காலை வரை ஒன்றும் பிடிபடாது. வெள்ளம் வரும் என்று தெரிந்தால் பொறிக்கும் மீனுக்கும் ஆபத்து என்று கூம்பை நாமே தூக்கிவிடுவதும் உண்டு. அந்தக் கட்டத்தின் குறியிட்ட மீன் முழுவதையும் ஒரே இரவில் விட்டு, அதே இரவில் பொறி நின்றால், பிடிப்பு வீதம் பொய்யாகத் தாழ்ந்து, மொத்தம் பொய்யாக ஏறும். அதனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது நல்லது. அப்போது ஒரு இரவு போனாலும் குறியிட்டதும் குறியில்லாததும் கிட்டத்தட்ட ஒரே அளவில் தப்பியிருக்கும். வீதம் தானே அதைச் சரிசெய்துகொள்ளும். பல இரவுகள் தொடர்ந்து போனால் முன்னும் பின்னும் உள்ள இரவுகளை வைத்து இடைவெளியை நிரப்பி, நிரப்பியது என்று வெளிப்படையாக எழுத வேண்டும்.

முறையின் அடிப்படை எல்லாம் அனுமானங்கள்தான், ஆகவே சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். குறியைப் பார்க்காமல் விட்டால் மொத்தம் ஏறிவிடும்; அதனால் எங்கள் குழுவில் மீனின் வாலை ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகு இன்னொருவர், முதல் பதிலைக் கேட்காமல், மறுபடி பார்ப்பார். குறியிட்டவற்றின் நீளத்தையும் மறுபடி சிக்கியவற்றின் நீளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதும் முக்கியம். சிக்கியவை சின்னதாகவே இருந்தால், பெரியவை பொறியைத் தவிர்க்கின்றன என்று பொருள்; நீளவாரியாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும். பொரிப்பக மீன் கைக்கு எளிதாகக் கிடைக்கிறதே, அதை வைத்துப் பிடிப்பு வீதத்தை அளந்துவிடலாமே என்று யோசனை வரும். ஆற்றில் வளர்ந்த மீன் மாதிரி அது நடந்துகொள்ளும் என்று எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. வேறு வழியே இல்லாவிட்டால் செய்யலாம், அறிக்கையில் சொல்லிவிட்டு.

கடைசியாக, நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான எண் எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்பதைச் சொல்லும் அளவு. மேலே சொன்ன மூன்று கட்டங்களுக்கும் 95 சதவீத அளவில் போட்டால், முதல் கட்டம் சுமார் 820 கூடக் குறைய, மூன்றாவது சுமார் 660, இரண்டாவது மட்டும் 9,100. மொத்தத்தின் இடைவெளி 9,200 பக்கம் வருகிறது. அதாவது கிட்டத்தட்ட முழுச் சந்தேகமும் அந்த ஒரு கட்டத்திலிருந்து வருகிறது. மறுபிடிப்பு 10 மட்டும் இருக்கும் இடத்தில் இடைவெளி இரு பக்கமும் சமமாகவும் இருக்காது, மேல்பக்கம் நீளும். அதனால் கிடைத்த தரவிலிருந்தே கணினியில் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துப் பார்த்து, அந்தக் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும்தான் அறிக்கையில் கொடுக்கிறோம். இடைவெளி இல்லாமல் ஒற்றை எண்ணைக் கொடுத்தால், அடுத்த வருஷம் அது மாறும்போது மீன் கூடியதா, நம் அளவீடு ஆடியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தக் கணக்கு வேலையைத் திட்டமிடவும் உதவுகிறது. முதல் கட்டத்தில் 200-க்குப் பதில் 100 மீனுக்கு மட்டும் குறியிட்டு 20 சிக்கியிருந்தால், அதன் இடைவெளி 820-லிருந்து 1,090 ஆகும், பெரிய நஷ்டமில்லை. இரண்டாம் கட்டத்தில் 200-ஐ 400 ஆக்கி 20 சிக்கினால் 9,100 என்பது 7,100-க்கு இறங்கும். தண்ணீர் உயர்ந்த நாளில் பொறியில் குப்பை அதிகம், ஆள் களைப்பாக இருப்பார்கள், மீனை எண்ணி உடனே விட்டுவிடலாம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். அன்றைக்குத்தான் கூடுதல் ஆள் வேண்டும், கூடுதல் வாளியும் ஏரேட்டரும் வேண்டும், குறியிடத் தகுந்த மீன் அத்தனைக்கும் குறி விழ வேண்டும். அடுத்த சீசனின் ஆள் அட்டவணையை மழை முன்னறிவிப்பை வைத்துப் போடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். தண்ணீர் குறைந்த நாட்களில் இருவர் போதும். மிச்சப்படும் நேரத்தை மழைக்குப் பிந்தைய இரவுகளுக்கு ஒதுக்குகிறோம்.